எம்மை அறிந்த வைத்தியர்

(பட்டிப்பொலவிலிருந்து பழைய மாணவர் ஒருவர், தமிழாசிரியர்)

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென எழுதியபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே என்னிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும் சில ஆண்டுகளாக என் உள்ளத்தை விட்டு நீங்காதிருக்கும் பொருள் வேறொன்று. அது வைத்தியம் பற்றியது. நான் வைத்தியம் கற்றவனல்லன். நோயாளி ஒருத்தியின் மகன் என்னும் தகுதி ஒன்றே எனக்குண்டு. அதனைக் கொண்டே எழுதத் துணிந்தேன். குற்றங்குறை காணின், நம் கல்லூரி ஈன்ற வைத்தியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக.

முதலில் கல்லூரி நினைவு ஒன்றைக் கூறுதல் வேண்டும். மலைநாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஒரு தவணைப் பரீட்சையில் என் புள்ளிகள் எல்லாப் பாடங்களிலும் ஒருங்கே சரிந்தன. கணித ஆசிரியர் பயிற்சி போதாதென்றார். விஞ்ஞான ஆசிரியர் வகுப்பிற் கவனமில்லை என்றார். ஆங்கில ஆசிரியர் வாசிப்பு இல்லை என்றார். மூவரும் தத்தம் துறையில் வல்லவர். மூவர் கூறியதும் மெய்யே. வகுப்பாசிரியர் மட்டும் மாலையில் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, வீட்டிலிருந்து கடிதம் வந்து எத்தனை நாள்?" என்று வினவினார். புகையிரதப் பாதையில் வேலை செய்த என் தந்தையார் காலில் அடிபட்டுப் படுத்திருந்த காலம் அது. இரண்டு மாதமாக வீட்டுச் செய்தி ஒன்றும் வரவில்லை. ஆசிரியர் தம் கைப்படக் கடிதம் எழுதி விவரம் அறிந்து தந்தார். அடுத்த தவணையில் புள்ளிகள் தாமே நிமிர்ந்தன.

பாடங்களை அறிந்த ஆசிரியர் பலர் இருந்தனர். பையனை அறிந்தவர் ஒருவரே. இவ்வேறுபாட்டின் பெறுமதியை அன்று நான் உணர்ந்திலேன். என் தாயாரின் நோய்தான் அதனை எனக்குக் கற்பித்தது.

பட்டிப்பொல இந்நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம். பதுளை நோக்கிச் செல்லும் வண்டி நானுஓயாவையும் அம்பேவலையையும் கடந்து இங்கு வந்து சற்றே இளைப்பாறி, அப்பாற் சுரங்கத்துள் நுழைந்து ஒகியாப் பக்கம் இறங்கும். பனிமூட்டம் நெடுநேரம் கலையாத காலைகள் இங்குப் பல. உருளைக்கிழங்கும் கோவாவும் லீக்சும் விளையும் இம்மேட்டிலிருந்து கீழே இறங்கினால் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களுள் ஒன்றில் என் தாயார் முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து பறித்தார். ஓய்வு பெற்ற பின்னும் என்னுடன் வந்து தங்க இசையாது, அக்காள் குடும்பத்துடன் லயத்து வீட்டிலேயே இருந்தார்.

ஐம்பத்தைந்து வயதளவில் அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் கண்டன. முழங்கால் வலி அதற்கு முன்பே இருந்தது. நீரிழிவுக்கு ஓரிடம், அழுத்தத்துக்கு வேறோர் இடம், வலி பொறுக்க இயலாத நாளில் அருகிலுள்ள தனியார் மருந்தகம் என அலைந்தார். ஒவ்வோரிடத்துக்கும் ஒரு கொப்பி. எல்லாக் கொப்பிகளையும் ஒரு சொப்பிங் பையில் இட்டு, நனையாதபடி மடித்து வைத்திருப்பார். கிளினிக் நாளில் அவரை அழைத்துச் செல்லும் அக்காளுக்கு அன்றைய பேர் விழாது. தோட்டத்து வழக்கில், பேர் விழாத நாள் சம்பளமில்லாத நாள் என்பதை மலைநாட்டார் அறிவர்.

இனி நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறுவேன். முழங்காலுக்குக் கொடுத்த வலி மாத்திரையை அவர் மாதக்கணக்காக விழுங்கினார். அம்மாத்திரை இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது என்பதை நாங்கள் அறியோம். அழுத்தம் உயர்ந்ததைக் கண்ட கிளினிக்கில் இன்னொரு மாத்திரை சேர்த்தனர். அதனாற் கணுக்கால் வீங்கியது. வீக்கத்தைக் கண்ட வேறோரிடத்தில், நீர் பிரிவதற்கென ஒரு மாத்திரை கொடுத்தனர். இவை யாவும் ஒருங்கு கூடிச் சிறுநீரகத்தை வருத்தின. நோய் ஒன்று, மருந்து ஒன்று என எண்ணியிருந்தோம். மருந்தே நோயாகி, அந்நோய்க்கு மருந்தாகி, அம்மருந்து மீண்டும் நோயாகிய கதையை ஒருவரும் கண்டிலர்.

எவர்மீதும் குற்றஞ் சாட்ட நான் இதனை எழுதவில்லை. ஒவ்வொரு வைத்தியரும் தமக்கு முன்னிருந்த கொப்பியைப் பார்த்துச் செய்ய வேண்டியதைச் செய்தார். நூறு பேர் காத்திருக்கும் வரிசையில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். எனினும் ஒருவர் கையிலிருந்தது ஒரு கொப்பியே. பை முழுவதையும் எவரும் பார்க்கவில்லை.

2016ஆம் ஆண்டில், எங்கள் பகுதியிலுள்ள சிறிய அரச வைத்தியசாலை ஒன்றுக்கு இளம் வைத்தியை ஒருவர் மாற்றமாகி வந்தார். குடும்ப மருத்துவத்திற் பட்டப்பின் டிப்ளோமா பெற்றவர் என்று பின்னர் அறிந்தோம். தாயார் வழக்கம்போல் ஒரு கொப்பியை நீட்டியபோது, அவர் அந்தப் பையைச் சுட்டி, "அதிலே என்னம்மா?" என்றார். மாத்திரைகளையெல்லாம் மேசைமேற் கொட்டி, ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்துப் பிரித்தார். இரண்டு வெவ்வேறு பெயரில் ஒரே வலி மருந்து இருந்தது. இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்ததும் மருந்துகளைக் கூட்டவில்லை; குறைத்தார். மருந்தைக் குறைப்பதும் வைத்தியமே என்பதை அன்றுதான் கண்டேன்.

சில வாரங்களின் பின், வேறொரு நோயாளியைப் பார்க்க லயத்துக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அடுப்படியைப் பார்த்தார். வாசலில் இருந்த வாளியைப் பார்த்தார். "தண்ணி எங்கேயிருந்தம்மா எடுக்கிறீங்க?" என்றார். "கீழே பீலியிலேயிருந்துங்க, டாக்டரம்மா" என்றார் தாயார். பீலிக்கு இறங்கும் படிகளை வைத்தியை எண்ணிப் பார்த்தாரோ என்னவோ, என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், அம்மாவோட முழங்காலுக்கு மருந்து ஒரு குழாய்" என்றார். அந்த வாரமே, சம்பளப் பணத்திற் கறுப்புக் குழாய் வாங்கி வாசல் வரை இழுத்தோம். பிறந்த நாள் தொட்டு அந்தப் படிகளைக் கண்டவன் நான். அம்மா வாளி சுமந்து ஏறுவதைக் கண்டும் காணாதிருந்தேன். கண்டு கேட்டவர் புதிதாக வந்த ஒருவர். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டகலவில்லை.

கெட்டுப்போன சிறுநீரகம் முற்றாகத் திரும்பவில்லை. ஆயினும் கெடுதல் அத்துடன் நின்றது. நான்கு ஆண்டுகள் தாயார் பேரப்பிள்ளைகளுடன் ஓரளவு நலமாக வாழ்ந்து, 2020இல் தம் வீட்டிலேயே அமைதியாகக் கண்மூடினார்.

குடும்ப மருத்துவம் என்பது யாது என அதன்பின் தேடிப் படிக்கலானேன். சிறப்புப் பயிற்சி எதுவும் பெறாதவர் செய்யும் சாதாரண வைத்தியம் என்றே நம்மிற் பலர் அதனை எண்ணியிருக்கிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மை வேறு. பெரிய ஆசுபத்திரியின் இருதய நிபுணரிடம் செல்பவர், பலர் கை கடந்து, இருதய நோயாளி என ஏறக்குறையத் தெளிந்தே செல்கிறார். குடும்ப வைத்தியரிடம் வருபவரோ முதல் நாட் காய்ச்சலுடன் வருகிறார். உருவம் பெறாத நோயுடன் வருகிறார். சில வேளை நோயே அல்லாத துன்பத்துடன் வருகிறார். சாதாரணமான நூறு காய்ச்சல்களுக்கிடையே உயிர்க்கொல்லியான ஒன்றைப் பிரித்தறிதல், எதனை இன்றே அனுப்ப வேண்டும், எதனை மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம் எனத் துணிதல், ஐந்து நோய்க்கு ஐந்து நிபுணர் தந்த மருந்துகள் தம்முட் பகை கொள்ளாமற் காத்தல் ஆகியவை எளிய கலைகளல்ல. தனிப் பயிற்சியும் தனிப் பரீட்சையும் வேண்டி நிற்கும் கலைகள்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில், நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் ஒருங்கே கருதுமாறு கற்ற மருத்துவனைப் பணிக்கிறார். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் அருகிருந்து பேணுபவரையும் ஒன்றாக எண்ணுகிறார். இதனைப் பல ஆண்டு வகுப்பிற் கற்பித்தேன். பீலிப் படியருகே நின்ற அன்றுதான் பொருள் விளங்கிற்று.

மேலைநாட்டிலும் இத்துறை எளிதில் மதிப்புப் பெறவில்லை. பிரித்தானியாவில் 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பொது வைத்தியரிடம் பெயர் பதிந்துகொள்ளும் ஏற்பாடு நாடெங்கும் பரந்தது. எனினும் அவ்வைத்தியரிற் பலர் வசதியற்ற அறைகளில், துணையாளர் இன்றித் தொழில் செய்தனர். 1950இல் கொலிங்ஸ் என்பார் லான்செட் இதழில் வெளியிட்ட அறிக்கை இந்நிலையை ஒளிவுமறைவின்றி எடுத்துக் காட்டியது. 1952இற் பொது வைத்தியர்களுக்கெனத் தனிக் கல்லூரி தோன்றியது. 1966இல் ஏற்பட்ட புதிய உடன்படிக்கை, வைத்தியருக்குக் கட்டடத்துக்கும் துணையாளர் சம்பளத்துக்கும் உதவி வழங்கியது. கனடாவில் 1968இல் இயன் மக்வினி அந்நாட்டின் முதற் குடும்ப மருத்துவப் பேராசிரியரானார். மறு ஆண்டு, 1969இல், அமெரிக்கா இதனைத் தன் இருபதாவது சிறப்புத் துறையாக ஏற்றது. அறிக்கை, கல்லூரி, பேராசிரியப் பதவி, பரீட்சை, சம்பளம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியெழுப்பப்பட்ட துறை இது; நல்லெண்ணத்தால் மட்டும் வளர்ந்ததன்று.

இவர்களுள் என் உள்ளங் கவர்ந்தவர் யூலியன் ரியூடர் ஹாட். வேல்ஸ் நாட்டிற் கிளின்கொறக் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்திற் பல்லாண்டு வைத்தியராக இருந்தவர். நல்ல வைத்தியம் எங்கு மிகுதியும் வேண்டப்படுகிறதோ அங்கேதான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்னும் விதியை 1971இல் எழுதி உலகுக்கு உரைத்தார். உரைத்ததோடு அமையவில்லை. நோயென்று வந்தவரை மட்டுமன்றி, வராதவரையும் தேடிச் சென்று இரத்த அழுத்தத்தை அளந்தார். சுரங்கத்துக்குப் பதில் தேயிலை மலையை வைத்துப் பார்த்தால், அவர் எழுதியது நம்மைப் பற்றியது போலவே தோன்றும்.

நம் நாட்டின் பெருமையையும் மறத்தலாகாது. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, பகுதி பகுதியாக மக்களைப் பொறுப்பேற்றுக் காக்கும் முறை இங்கு வளர்ந்தது. கருவுற்ற தாயைப் பெயர் சொல்லி அழைத்து, வீடு தேடி வரும் குடும்பநல மாதுவை அறியாத கிராமம் இல்லை. தாயும் சேயும் பிழைத்திருப்பதில் இச்சிறு தீவு செல்வ நாடுகளுக்கு அருகே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே தாய் ஐம்பது வயதில் நீரிழிவு கொண்டால், அவளைப் பெயர் சொல்லி அறிந்தவர் எவர்? எந்த ஆசுபத்திரிக்கும் எவரும் செல்லலாம். பணம் கொடுக்க வேண்டியதில்லை. இது பெரும் பேறே. ஆயினும் எவரும் எங்கும் செல்லலாம் என்பதனால், எவருக்கும் எவரும் பொறுப்பில்லை என்றும் ஆகிவிட்டது. அருகிலுள்ள சிறு வைத்தியசாலையைக் கடந்து மக்கள் நகரத்துக்கு ஓடுகின்றனர். நகரத்து வரிசை நீள்கிறது. சிறு வைத்தியசாலை வெறிச்சோடுகிறது. இந்நாட்டு மரணங்களிற் பத்தில் எட்டுக்குத் தொற்றா நோய்களே காரணம் என்னும் இக்காலத்தில், ஒரு நாள் வைத்தியம் போதாது. இருபது ஆண்டு வைத்தியம் வேண்டும்.

இதனை உணர்ந்தோர் இங்கும் இருந்தனர். இலங்கைப் பொது வைத்தியர் கல்லூரி 1974இல் நிறுவப்பட்டது. 1978இல் அல்மா ஆட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை உலகின் குறிக்கோளாக அறிவிப்பதற்கு நான்கு ஆண்டு முன்னரே அது தோன்றியமை எண்ணத்தக்கது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வழங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் சமுதாய, குடும்ப மருத்துவத் துறை உண்டு. 2018இல் உலக வங்கியின் 20 கோடி டொலர் கடனுதவியுடன் ஆரம்ப மருத்துவ நிலையங்களைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. சிறு வைத்தியசாலைகளைப் பெரிய வைத்தியசாலை ஒன்றுடன் இணைத்து, அயலிலுள்ள மக்களை அவற்றின் பொறுப்பில் விடுவதே நோக்கம். விதை ஊன்றப்பட்டுள்ளது, அதற்கு நீர் வார்க்க வேண்டும்.

மலைநாட்டுக்கு இது வேறு வகையிலும் பொருந்தும். 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டங்களின் காலத்திலிருந்து தோட்ட வைத்தியம் நிர்வாகத்தின் பொறுப்பாக நடந்து வந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. காலப்போக்கிற் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்றது. பலவிடங்களிற் பழைய டிஸ்பென்சரியே மிஞ்சியது. அங்கிருந்த மருத்துவ உதவியாளரை நம் பெற்றோர் டாக்டர் ஐயா என்றே அழைத்தனர். அவருக்குக் கல்வி குறைவு. ஆனால் எந்த லயத்தில் எவருக்கு இழுப்பு, எவர் வீட்டிற் குடி, எந்தப் பிள்ளை சாப்பிடாமற் பள்ளிக்குப் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நகரத்து நிபுணருக்கு நிறைந்த கல்வி. ஆனால் நம்மைத் தெரியாது. அவ்வறிவையும் இக்கல்வியையும் ஒருவரிடத்திற் சேர்ப்பதே குடும்ப மருத்துவம் என்று நான் விளங்கிக்கொண்டேன். மொழியும் இதனுட் சேரும். நெஞ்சு படபடக்கிறது, மனசு சரியில்லை என்று ஒரு தாய் தன் சொல்லிற் கூறுவதைத் தமிழில் கேட்டு உணரும் வைத்தியர் வேண்டும்.

எங்கள் டாக்டரம்மா இப்போது இங்கில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நாட்டை விட்டுச் சென்ற வைத்தியர் பலருள் அவரும் ஒருவர். நான் அவரைக் குறை கூறேன். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர் வசித்த விடுதியின் கூரை மழைக்கு ஒழுகியதையும் நான் அறிவேன். அவர் சென்ற பின் வந்தவர்கள் சில மாதங்களில் மாறிப் போயினர். தாயாரைப் போன்ற முதியவர்கள் மீண்டும் பைகளைச் சுமந்து நகரத்துக்குப் போகின்றனர். நல்ல வைத்தியர் ஒருவர் வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். ஒருவர் போனால் அவ்விடத்துக்கு அதே பயிற்சி பெற்ற இன்னொருவர் வரும் ஏற்பாடு இருந்தாலன்றி, அதனைத் தேசிய சேவை எனல் எவ்வாறு?

ஆகவே நான் வேண்டுவன சிலவே. ஒவ்வொரு குடும்பமும் அருகிலுள்ள சிறு வைத்தியசாலையிற் பெயர் பதிந்திருக்க வேண்டும். அங்கே குடும்ப மருத்துவம் கற்றவர் ஒருவர், பிற நிபுணருக்குரிய மதிப்போடும் பதவி உயர்வோடும், ஒழுகாத விடுதியோடும் இருத்தல் வேண்டும். எத்தனை இடம் சென்றாலும் நோயாளியின் வரலாறு ஒரே ஏட்டில் இருக்க வேண்டும். மேலிடத்துக்கு அனுப்பும் கடிதம் ஒன்று போனால், அங்கிருந்து பதிற் கடிதம் ஒன்று திரும்பி வர வேண்டும். இவற்றுட் கோடி பெறும் இயந்திரம் எதுவும் இல்லை.

இறுதியாக, என் குற்றம் ஒன்றையும் கூறி முடிப்பேன். நான் பயிற்றப்பட்ட ஆசிரியனாகிப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், நான் வைத்தியனானால் என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் செய்தேன். லயத்துப் பையன் ஒருவன், தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே இருந்து எல்லோருடைய பெயரையும் தெரிந்துகொண்டு மருந்து கொடுப்பேன் என்று எழுதியிருந்தான். பிழையில்லாத் தமிழ். அதன் கீழே நான் சிவப்பு மையில், "குறிக்கோள் இன்னும் உயர்ந்ததாக இருக்கட்டும்" என்று எழுதினேன். இருதய நிபுணராவேன் என்று எழுதியவனுக்கு இரண்டு புள்ளி கூடுதலாகக் கொடுத்தேன். அந்தப் பையன் இன்று கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். என் ஒரு வரியினால் அவன் வழி மாறினான் என்று சொல்லுமளவு நான் பெரியவனல்லன். ஆனால் அந்த வரி பிழை. அதனை அவனுக்கு எழுதித் தெரிவித்தேன். இங்கும் பதிவு செய்கிறேன்.

வைத்திய பீடத்துக்குச் செல்லவிருக்கும் கல்லூரித் தம்பிமாரே, நிபுணர்களாகுங்கள். நாட்டுக்கு அவர்கள் வேண்டும். ஆயின் உங்களுள் இருவர் மூவரேனும், ஒரு மலையையோ ஒரு கிராமத்தையோ முப்பது ஆண்டு அறிந்து காக்கும் நிபுணராக வாருங்கள். அதுவும் உயர்ந்த குறிக்கோளே. பழைய மாணவர் சங்கத்தாரே, விழா மேடையிற் சிறப்பு வைத்திய நிபுணர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது, சிற்றூரில் இருந்து முதுமையடைந்த குடும்ப வைத்தியர் ஒருவரையும் தேடி அழைத்து அவ்வரிசையில் நிறுத்துங்கள். மாணவர் கண்டு தெளிவர்.

"தம்பி, வீட்டிலிருந்து கடிதம் வந்து எத்தனை நாள்?" என்று கேட்ட அந்த வகுப்பாசிரியர் இன்றில்லை. அவர் கேட்ட கேள்வியை என்னுள் விட்டுச் சென்ற கல்லூரித் தாய்க்கு, பனி சூழ்ந்த பட்டிப்பொலவிலிருந்து என் வணக்கம். விழா இனிதே நிறைவுறுக. கல்லூரி நீடு வாழ்க.